அழத் தெரிந்தவள்

திண்டுக்கல் ரவுண்டு ரோட்டை ஒட்டி ஒரு சந்துக்குள் பொன்னழகுவின் பந்தல் கடை. சாமியானா, நாற்காலி, சமையல் பாத்திரம், பிணத்தை வைக்கிற ஐஸ் பெட்டி, எல்லாம் வாடகைக்கு. கல்யாணக்காரர்கள் மூன்று மாதம் முன்னாலேயே வந்து சொல்லி வைத்துவிடுவார்கள். விடிந்தும் விடியாமல் போன் அடித்தால் அது கேதம். ஊரில் யார் செத்தாலும் பங்காளிக்குத் தெரிவதற்கு முன்னால் பொன்னழகுவுக்குத் தெரிந்துவிடும். அவனுக்குத் தெரிந்த மறுநிமிஷம் அவன் பெண்சாதி சுப்புத்தாய்க்குத் தெரிந்துவிடும். அவள் தலையை அள்ளி முடிந்துகொண்டு, லோடு வேனில் டிரைவர் செழியனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

எதற்கு? அழுவதற்கு. கூலிக்கு மாரடிக்கிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வீட்டில் ஒரு வாய் காப்பித்தண்ணிகூட வாங்கிக் குடிக்கமாட்டாள். செத்தவருக்கு என்ன வயசு, எதனால் போனார், ஒன்றும் அவளுக்குத் தெரிந்திருக்காது. பெண்கள் வட்டமாகக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஒரு இடைவெளி பார்த்து நுழைந்து, இரண்டு பக்கமும் தோளில் கை போடுவாள். அவ்வளவுதான். அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எழும்பும் பாருங்கள், சாமியானாவுக்கு வெளியே பீடி குடித்துக்கொண்டு நிற்கிற ஆம்பிளைகள்கூடப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பெற்ற மகள் அழுது ஓய்ந்து செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்திருப்பாள். சுப்புத்தாய் ஓயமாட்டாள்.

"சொந்தக்காரிகூட இம்புட்டு அழமாட்டா ஆத்தா. பாசக்காரி" என்று பெண்கள் மெச்சினார்கள். "பொன்னழகு கடையில பந்தல் சொன்னா கண்ணீர் இலவசம்" என்று ஆண்கள் கேலி பேசினார்கள். பொன்னழகு அதைக் கேட்டுப் பல்லைக் காட்டினான். அவனுடைய அக்கா பேச்சாயி, ஆத்தூரில் வாக்கப்பட்டவள், போகிற இடமெல்லாம் பெருமை அடித்தாள். "எந்தம்பி பொண்டாட்டி மாதிரி கேதத்துல அழ இந்த ஜில்லாவுலயே ஆளு கெடையாது."

ஒருத்தராவது, இந்தப் பொம்பளை ஏன் இப்படி அழுகிறாள் என்று கேட்டார்களா? கேட்கவில்லை. எழவு வீட்டில் அழுகிறவளிடம் யார் போய்க் காரணம் கேட்பார்கள்?

காரணம் அவளுக்கே தெரியாது என்பதுதான் கொடுமை. மூன்று வருஷமாக இப்படி. கோழி கூவுவதற்கு முன்னால் முழிப்புத் தட்டிவிடும். தட்டினதும் நெஞ்சின்மேல் அம்மிக்கல்லை ஏற்றி வைத்தது மாதிரி இருக்கும். எழுந்து பல் விளக்குவது ஒரு பெரிய காரியம். குளிப்பது அதைவிடப் பெரிய காரியம். சோறு மண்ணாக இறங்கும். ஆனால் உலை கொதித்தது, வெஞ்சனம் வெந்தது, வீடு கூட்டிப் பெருக்கப்பட்டது. கடைக்கு வருகிற அண்டா குண்டாவெல்லாம் பளபளவென்று கழுவிக் கவிழ்க்கப்பட்டது. கை அதுபாட்டுக்குச் செய்தது. அவள் எங்கேயோ கிணற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு அந்தக் கையை வேடிக்கை பார்த்தாள்.

புருஷன் குடிகாரன் இல்லை, கை நீட்டுகிறவன் இல்லை. ஒரே மகள் ஆனந்தி காலேஜில் சைக்காலஜி கடைசி வருஷம் படிக்கிறாள். வீடு சொந்த வீடு. அப்புறம் என்ன கேடு? முதல் வருஷம் ஒருநாள் அடுப்படியில் நின்று தன்னால் அழுதுவிட்டாள். பார்த்துக்கொண்டு வந்த பேச்சாயி போட்டாளே ஒரு சத்தம். "விளக்கு வைக்கிற நேரத்துல பொம்பள கண்ணக் கசக்குனா வீடு வெளங்குமாடி? ஒனக்கு என்ன கொற? எந்தம்பி ஒன்னய மகாராணியா வச்சிருக்கான், கொழுப்பா?"

சுப்புத்தாய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உண்மைதானே, என்ன குறை? குறையில்லாதவள் அழுவது திமிர் என்று அவளே நம்பினாள். அப்படி அடக்கி அடக்கி இருந்தபோதுதான் சின்னாளபட்டியில் ஒரு கேதம் வந்தது. பொன்னழகுவுக்கு ஏதோ தூரத்து உறவு. போனவள் மூன்று மணி நேரம் அழுதாள். யாரும் திட்டவில்லை. முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அன்றைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்து பாயை விரித்துப் படுத்தவள் அடித்துப் போட்டது மாதிரி தூங்கினாள். ஊரில் பொம்பளை அழுவதற்கென்று அனுமதி உள்ள இடம் ஒன்று இருக்கிறது என்பதை அவள் கண்டுபிடித்தது அப்படித்தான்.

ஆனந்திக்குப் பரீட்சை நெருங்கியது. அவள் வாய்விட்டுப் படிக்கிற ரகம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நடத்தை பிறழ்ந்ததுன்னு எப்படிச் சொல்றது? ஒண்ணு, அது பெரும்பாலானவங்ககிட்ட இல்லாததா இருக்கணும். ரெண்டு, சமூகம் ஏத்துக்கிட்ட ஒழுங்கை மீறணும். மூணு, அந்த ஆளுக்கு வேதனை தரணும். நாலு, அன்றாட வேலையக் கெடுக்கணும்." ஆனந்தி கண்ணை மூடிக்கொண்டு இதையே நாலு தடவை உருப்போட்டாள்.

சுப்புத்தாய் பூண்டுத் தோலை ஊதிவிட்டுக் கேட்டாள். "ஏத்தா, ஒருத்தி எல்லா வேலையும் செய்யுறா. ஊருக்குப் பிடிச்ச மாதிரிதான் நடந்துக்கிறா. உள்ளுக்குள்ள மட்டும் செத்துக் கெடக்கா. அவளுக்கு உம் புஸ்தகத்துல என்ன பேரு?"

ஆனந்தி பக்கத்தைப் புரட்டினாள். "அது அடுத்த பாடம்மா, மனச்சோர்வு. போன வருசம் கேட்டுட்டாய்ங்க, இந்த வருசம் வராது."

"வராதா?"

"வராதும்மா. அத விட்டுட்டேன்."

அம்மா மறுபடி பூண்டை உரிக்க ஆரம்பித்தாள். மகளுக்கு அந்தப் பரீட்சையில் நல்ல மார்க் வந்தது.

பரீட்சை முடிந்த கையோடு சம்பந்தம் கூடியது. நெய்க்காரப்பட்டிப் பக்கம், தென்னந்தோப்பு உள்ள குடும்பம். மாப்பிள்ளை ஈஸ்வர் கோயம்புத்தூரில் வேலை. மாப்பிள்ளையின் அம்மா ஸ்ரீமதி தங்கமான மனுஷி. தானே வந்து பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய்ப் பூ வைக்க நாள் குறித்துக்கொண்டு போனாள். பொன்னழகு மகள் விசேஷத்துக்குத் தெருவையே அடைத்துச் சாமியானா போட்டான். சிவப்பு நாற்காலிகளை வரிசையாகப் பரப்பினான். சொந்தச் சரக்கு, கேட்க ஆள் இல்லை.

தப்பு அங்கேதான் நடந்தது. பொன்னழகு கடையில் கல்யாணத்துக்கு வேறே நாற்காலி, கேதத்துக்கு வேறே நாற்காலி என்றெல்லாம் கிடையாது. கழுவித் துடைத்தால் எல்லாம் ஒன்றுதான். சுப்புத்தாய் பட்டுச் சேலை கட்டி, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்து, வந்தவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டுக் களைத்துப்போய், பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பிடி உடைந்து கம்பி கட்டியிருந்த நாற்காலி. நாலு நாளைக்கு முன்னால் ஒரு எழவு வீட்டில் அவள் சாய்ந்து அழுத அதே நாற்காலி. மேலே அதே துணி. காற்றில் அதே பூவும் ஊதுபத்தியும். சுற்றிலும் பெண்கள். உடம்புக்கு வித்தியாசம் தெரியவில்லை. அது இடம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டது.

ஸ்ரீமதி ஆனந்தியின் தலையில் பூவை வைக்கக் கையைத் தூக்கினாள். அப்போது எழும்பியது அந்தக் குரல்.

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. விளங்கினபோது மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். ஆனந்தி பூவுக்குத் தலையைக் குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள். சுப்புத்தாய் வாயைப் பொத்தினாள், சேலைத் தலைப்பைத் திணித்தாள், அடங்கவில்லை. மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். மகளைப் பார்த்து "இல்லத்தா, இல்லத்தா" என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.

"ஏனுங்க, சம்பந்தியம்மாளுக்கு ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?" என்றாள் ஸ்ரீமதி. பூ அவள் கையிலேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் பூத்தட்டோடு எல்லாரும் வேனில் ஏறினார்கள். "யோசிச்சுட்டுச் சொல்றோமுங்க" என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

நேற்றுவரை பாசக்காரி. ஒரே ஒரு அழுகையில் பைத்தியக்காரி. அழுகை மாறவில்லை, குரல் மாறவில்லை, நாற்காலிகூட மாறவில்லை. ஊர் இதையெல்லாம் யோசித்துப் பார்க்குமா?

"எழவு வீடு எழவு வீடாச் சுத்துனா ஏதாச்சும் ஒட்டிக்கிட்டு வராதா?" என்றாள் பேச்சாயி. ஜில்லாவிலேயே ஆள் கிடையாது என்று பெருமை அடித்த அதே வாய். மறுநாளே பேயோட்டுகிற ஒரு கோடாங்கியிடம் கூட்டிப்போனார்கள். அவன் வேப்பிலைக் கொத்தை ஓங்கிக்கொண்டு, "நீ யாரு? எங்கருந்து வந்தே?" என்று அதட்டினான்.

"சுப்புத்தாயிங்க. ரவுண்டு ரோட்டுலருந்து வாரேன்."

பொய் சொல்கிறது என்று அதற்கும் சேர்த்து அடி விழுந்தது.

ஆனந்தி எட்டு நாள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் வலி அவளுக்கு. ஒன்பதாம் நாள் அம்மாவின் தோளில் வேப்பங்குச்சி கீறின தடத்தைப் பார்த்தாள். போய், விட்டுவிட்ட அந்தப் பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விடியுமுன் முழிப்பு. பசியின்மை. எதிலும் பிடிப்பின்மை. காரணமற்ற குற்றவுணர்ச்சி. ஒவ்வொரு வரியிலும் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஆனந்தி புத்தகத்தை மூடிவிட்டு அடுப்படிக்குப் போய், "நீ அன்னைக்குக் கேட்டது ஒன்னயப் பத்தித்தானேம்மா?" என்றாள். சுப்புத்தாய் தலையை ஆட்டினாள். "கேட்டியே, நான் பரீட்சைக்கு வராதுன்னு சொன்னேனே" என்று சொல்லி மகள் விம்மினாள். அம்மாதான் தேற்றினாள்.

ஆனந்தி பொன்னழகுவிடம் சண்டை பிடித்து, மன்றாடின பிறகு, கடைசியில் மனநல டாக்டரிடம் போக அவன் சம்மதித்தான். ஒரு நிபந்தனை. யார் கேட்டாலும் தைராய்டு என்று சொல்லவேண்டும். டாக்டர் நான்சி சின்ன வயசுப் பெண்தான். ஆனால் மூன்று வருஷமாக யாரும் கேட்காத கேள்வியை முதலில் கேட்டாள். "தூங்குறீங்களாம்மா?"

சுப்புத்தாய்க்குப் பதில் சொல்ல ஒரு மணி நேரம் ஆனது.

"இது பேயுமில்ல, கொழுப்புமில்ல. சக்கரை வியாதி மாதிரி இதுவும் ஒரு வியாதி. ஒரு கொறையும் இல்லாதவங்களுக்கும் வரும்" என்றாள் டாக்டர். "மாத்திரை வேலை செய்ய ஆறு வாரம்கூட ஆகும். நல்லாயிருச்சேன்னு நீங்களா நிறுத்திடக் கூடாது. அதுதான் முக்கியம்."

ஆறு வாரத்துக்குக் கொஞ்சம் கூடவே ஆனது. ஒருநாள் கண் முழித்தால் ஜன்னலில் வெயில். இன்னொரு நாள் புளிக்குழம்பில் உப்புக் கூடினது நாக்கில் தெரிந்தது. "ஏங்க, உப்புக் கரிக்குதே, நீங்க சொல்லலையே?" என்றாள். பொன்னழகு, "அது மூணு வருசமாக் கரிக்குது" என்றான். சுப்புத்தாய் சிரித்தாள். அவனும் சிரித்தான். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது! நெஞ்சின்மேல் இருந்த கல்லை யாரோ தூக்கித் தரையில் வைத்துவிட்டார்கள். விடியக்காலையில் போன் அடித்தால் அவள் புரண்டு படுத்தாள். செழியன் தனியாக வேனை எடுத்துக்கொண்டு போனான்.

அப்படி இருக்கையில்தான் பேச்சாயி செத்தாள். காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், முடிந்துவிட்டது. தம்பி கடையின் ஐஸ் பெட்டியிலேயே அக்காவைக் கிடத்தினார்கள்.

ஆத்தூர் வீட்டு வாசலில் கூட்டமோ கூட்டம். சுப்புத்தாய் இறங்கினதும் பெண்கள் விலகி வழிவிட்டார்கள். எல்லார் கண்ணும் அவள் மேல். ஊர் பேர் தெரியாதவனுக்கே அப்படி அழுதவள், கட்டின புருஷனின் கூடப்பிறந்தவளுக்கு எப்படி அழப்போகிறாள்! வட்டத்தில் நடுவிடத்தையே அவளுக்காக வைத்திருந்தார்கள்.

அவள் போய் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் கை போட்டாள். பேச்சாயியின் முகத்தைப் பார்த்தாள். ஆனந்தி பிறந்தபோது ஆத்தூரிலிருந்து விறகுக்கட்டோடு பஸ் ஏறி வந்து பத்து நாள் வெந்நீர் போட்டு ஊற்றியவள் இவள். வேப்பிலை அடிக்குக் கூட்டிப்போனவளும் இவள்தான். இரண்டும் சேர்ந்துதான் மதினி என்று நினைத்துக்கொண்டாள். பாவம், அந்த மாட்டுக்குத் தண்ணி கிடைத்ததோ என்னவோ என்று நினைத்தாள். மனசு கனத்தது. ஆனால் கண் காய்ந்தே இருந்தது.

இத்தனை கேதத்தில் செத்தவருக்காக அவள் ஒருநாளும் அழுததில்லை. செத்தவரை நினைத்தது இதுதான் முதல் தடவை. இதைப் போய் யாரிடம் சொல்வது?

"அழு ஆத்தா" என்று பக்கத்தில் இருந்தவள் இடுப்பில் இடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருத்தி, "ஒஞ் சத்தம் எங்கடி?" என்றாள். சுப்புத்தாய் முயன்று பார்த்தாள். வராத அழுகையை வரவழைப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியாது. அவள் பொய்யாக ஒருநாளும் அழுததில்லையே. எழுந்து போய்ப் பேச்சாயியின் மகளுக்கு ஒரு டம்ளர் கஞ்சியைக் கொண்டுவந்து கெஞ்சிக் குடிக்க வைத்தாள். மாட்டுக்குத் தண்ணி காட்டினாள். வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் உருப்படியான காரியம் செய்தவள் அவள் ஒருத்திதான்.

ஆனால் எழவு வீட்டில் யார் அதைப் பார்க்கிறார்கள்? "பேயோட்டக் கூட்டிட்டுப் போனாள்ல, அந்தக் காந்தல். செத்துட்டான்னு உள்ளுக்குள்ள குளுந்து போயிருக்கா" என்றாள் ஒருத்தி. "தைராய்டாவது ஒண்ணாவது. பைத்தியத்துக்குக் குடுக்குற மாத்திரையாம். அதத் தின்னா மனுசங்க கல்லாப் போயிருவாங்களாம்" என்றாள் இன்னொருத்தி. பொன்னழகு இரண்டையும் கேட்டான். துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

பதினாறு முடிந்து வீட்டுக்கு வந்த அன்றைக்குச் சாமி படத்துக்குப் பின்னால் இருந்த மாத்திரை அட்டைகளை எடுத்தான். வாசலுக்குப் போனான். ஆனந்தி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"அப்பா, அம்மா அழாமலிருக்கிறதுதாம்ப்பா குணம். அது புரியலையா ஒங்களுக்கு?"

"எங்கக்காவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத குணம் எனக்கு எதுக்கு?" மகள் பிடித்த கையை உதறினான். "ஊரான் செத்தா அழுவா. எங்கக்கா செத்தா அழமாட்டா. எல்லாரும் எம் மூஞ்சியப் பாக்குறாய்ங்க ஆனந்தி. நான் எப்படி நாலு பேரு முன்னாடி நடக்குறது?"

"டாக்டர் நிறுத்தக் கூடாதுன்னு..."

"டாக்டரா எனக்கு அக்கா?"

அட்டைகள் சாக்கடையில் விழுந்தன. சுப்புத்தாய் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, எனக்கு இப்பத்தாங்க தூக்கம் வருது" என்றாள். அதை அவள் கோபமாகச் சொல்லியிருக்கலாம். கெஞ்சலாகத்தான் சொன்னாள். அவன் உள்ளே போய்விட்டான்.

ஆனந்தி ஒளித்து ஒளித்து இரண்டு அட்டை வாங்கிக் கொடுத்தாள். அவன் கண்டுபிடித்தான். அம்மா வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிட்டாள். மகளுக்கும் சென்னையில் வேலை கிடைத்துப் போகவேண்டி வந்தது. போனில் "மாத்திரை சாப்டியாம்மா?" என்று கேட்பாள். பக்கத்தில் புருஷன் உட்கார்ந்திருக்க, "சாப்ட்டேன்த்தா" என்பாள் சுப்புத்தாய்.

உப்புக் கரிப்பது முதலில் மறந்துபோனது. அப்புறம் ஜன்னல் வெயில் போனது. கோழிக்கு முன்னால் முழிப்பு வந்தது. கல் பழைய இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மாசி மாசத்தில் ஒருநாள் விடியக்காலையில் போன் அடித்தது. சின்னாளபட்டியில் ஒரு கிழவர். பொன்னழகு பேசி முடிப்பதற்குள் அவள் தலையை முடிந்துகொண்டு வேனில் ஏறிவிட்டாள். போய் இறங்கி, இடைவெளி பார்த்து நுழைந்து, கை போட்டாள். அந்தக் குரல் எழும்பியது. ஆத்தூர் கேதத்துக்கு வந்திருந்த பெண்கள் இரண்டு பேர் அங்கேயும் இருந்தார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "அப்பாடா, சுப்புத்தாய்க்கு நல்லாயிருச்சு" என்றார்கள்.

மத்தியானம் பொன்னழகு தானே வேனை ஓட்டிக்கொண்டு அவளைக் கூட்டிப்போக வந்தான். செய்தி அவன் காதுக்கு எட்டியிருந்தது. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வழியில் நிறுத்தி அவளுக்கு இளநீர் வெட்டிக் கொடுக்கச் சொன்னான். மகளுக்குப் போன் போட்டான். "ஆனந்தி, அம்மா பழையபடி ஆயிட்டாத்தா. மாத்திரையுமில்ல மண்ணுமில்ல, தன்னால சரியாயிருச்சு. நெய்க்காரப்பட்டிக்கு ஆள் விட்டுச் சொல்லலாமான்னு பாக்குறேன்." அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பதிலும் வரவில்லை. "லைன் கட்டாயிருச்சு போல" என்று போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சுப்புத்தாய் இளநீரைக் கையில் வைத்திருந்தாள், குடிக்கவில்லை. கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது. வண்டி ரவுண்டு ரோட்டுக்குத் திரும்புகிறபோதுதான் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, நாளைக்கு எங்கேருந்தாச்சும் போன் வந்திருக்கா?"